மாமா என்று அழுத பிள்ளை

கேள்வி: நானும் என் கணவரும் 30 ஆண்டுகளாக நியூ ஜெர்சியில் இருக்கிறோம். சொந்த ஊர் திருச்சி. எங்கள் பிள்ளைகள் இருவரையும் சீனாவிலிருந்து தத்தெடுத்தோம். மகளுக்காக 2006இல் விண்ணப்பம் அனுப்பி, ஐந்து ஆண்டுகளுக்கு மேல் காத்திருந்து, 2011 டிசம்பரில் ஜியாங்சி மாகாணத்துக் காப்பகம் ஒன்றிலிருந்து அழைத்துவந்தோம். அப்போது அவளுக்கு 13 மாதம். விடியற்காலையில் ஒரு சந்தை வாசலில் கிடந்தாள் என்று கோப்பில் இருக்கிறது. மகன் 2017இல் ஹெனான் மாகாணத்திலிருந்து வந்தான். அப்போது 4 வயது. உதடும் அண்ணமும் பிளந்து பிறந்தவன்.

அவனை அழைத்துவரப் போனபோது கணவர் மகளோடு வீட்டில் இருந்துவிட்டார். என் தம்பி எனக்குத் துணையாக வந்தான். ஓட்டல் அறையில் மூன்று இரவுகள் பிள்ளை “மாமா, மாமா” என்று அழுதான். தன்னைத்தான் கூப்பிடுகிறான் என்று என் தம்பிக்கு ஒரே பெருமை. அவனைத் தோளில் போட்டுக்கொண்டு விடியவிடிய நடந்தான். நான்காம் நாள் மொழிபெயர்ப்பாளர் சொன்னார்: சீனத்தில் மாமா என்றால் அம்மா; கிராமத்தில் தன்னை வளர்த்த பெண்ணைக் கேட்டு அழுகிறான் என்று. இதை நாங்கள் அவனிடம் சொன்னதில்லை. “வந்ததும் மாமாவைத்தான் கண்டுகொண்டான்” என்று இன்றும் வீட்டில் வேடிக்கையாகச் சொல்வோம்.

இப்போது பிரச்சினை மகளால். 2024 செப்டம்பரில், வெளிநாட்டவருக்குத் தத்து கொடுப்பதைச் சீனா நிறுத்திவிட்டது என்ற செய்தியைப் படித்துவிட்டு அறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். அதற்கு முந்தைய மாதம்தான் மகனுக்கு மேல் ஈற்றில் எலும்பு ஒட்டும் அறுவை சிகிச்சை நடந்தது. அந்த அலைச்சலில் அவளைக் கவனிக்காமல் விட்டேனோ என்று உறுத்துகிறது. அன்று தொடங்கி, பெற்றவளைத் தேட வேண்டும், மரபணுப் பரிசோதனை செய்ய வேண்டும் என்கிறாள். கணவருக்கு விருப்பமில்லை. எங்களையும் அவளையும் விதி ஒரு சிவப்பு நூலால் கட்டிவைத்திருந்தது என்ற கதையைச் சிறு வயதில் அவளுக்குச் சொல்லி வளர்த்தேன். “அந்த நூலை அந்தப் பக்கம் யார் அறுத்தார்கள் அம்மா?” என்று கேட்கிறாள். தமிழ்ப் பள்ளிக்குப் போவதை நிறுத்திவிட்டாள். சீனம் படிக்க வேண்டுமாம். திருச்சியில் இருக்கும் மாமியார் வீடியோ அழைப்பில், “தூக்கிப் போட்டவளைத் தேடி என்ன ஆகப்போகிறது?” என்று சொன்னது அவள் காதில் விழுந்துவிட்டது. மாமியார் ஜூனில் வந்து நான்கு மாதம் தங்கப்போகிறார். நாங்கள் அவளுக்கு என்ன குறை வைத்தோம்? தேட அனுமதிக்கலாமா?

மகனைப் பற்றிக் கவலை இல்லை, சமர்த்து. ஓராண்டாக மட்டும் இட்லி, ரொட்டித் துண்டு என்று எதையாவது தலையணைக்கு அடியில் ஒளித்துவைக்கிறான். வந்த புதிதில் இருந்த, பிறகு நின்றுபோன பழக்கம் அது.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் கடைசியில் எழுதிய இட்லியிலிருந்து தொடங்குகிறேன். மகளின் இன்றைய கவலைக்கு இத்தனை எழுதியவர் மகனின் இன்றைய நிலைக்கு இரண்டு மூன்று வரிதான் ஒதுக்கியிருக்கிறீர்கள். குறை சொல்லவில்லை, சத்தம் போடும் பிள்ளை பக்கம்தான் எந்தத் தாயும் ஓடுவாள். ஆனால் 20 ஆண்டுகளுக்கு மேல் தத்துக் குடும்பங்களோடு உட்கார்ந்து பழகிய எனக்கு, “சமர்த்து” என்ற சொல்லைக் கேட்டாலே சற்று நிமிர்ந்து உட்காரத் தோன்றும்.

அண்ணம் பிளந்து பிறந்த குழந்தையால் பாலை உறிஞ்ச முடியாது. உறிஞ்சுவதற்கு வாய் மூடிய அறையாக இருக்க வேண்டும். இங்கே மேல்பக்கம் திறந்து கிடக்கிறது. குடித்த பாலில் ஒரு பங்கு மூக்கு வழியாக வெளியே வரும். நிமிர்த்திப் பிடித்து, அதற்கென்றே செய்த புட்டியால், கொஞ்சம் கொஞ்சமாக, ஒவ்வொரு வேளையும் அரை மணி நேரம் புகட்டினால்தான் வயிறு நிறையும். ஒருத்தியே பல தொட்டில்களைப் பார்க்க வேண்டிய காப்பகத்தில் அந்த அரை மணி நேரத்துக்கு எங்கே போவது? புட்டி வரும், நேரம் முடிந்ததும் போய்விடும். பசி தீர்வதற்குள் உணவு மறைந்துவிடும் என்பதை அவன் பேசக் கற்பதற்கு முன்பே கற்றிருக்கிறான்.

இப்போது உங்கள் கடிதத்தின் இரண்டு மூலைகளில் தனித்தனியே கிடக்கும் இரண்டு செய்திகளைச் சேர்த்துப் பாருங்கள். 2024 ஆகஸ்டில் அறுவை சிகிச்சை. ஓராண்டாக இட்லி ஒளித்தல். அறுவைக்கு முந்தைய இரவு முதல் அவனுக்குச் சாப்பிட எதுவும் கொடுத்திருக்க மாட்டார்கள். பிறகு சில வாரம் கஞ்சியும் கூழும்தான், கடிக்கக் கூடாது. மருத்துவர் சொல்படி நீங்கள் செய்தது முற்றிலும் சரி. ஆனால் அவன் உடம்புக்கு அது பழைய கணக்கு. வாய் வலிக்கிறது, பசிக்கிறது, கேட்டாலும் கிடைக்காது. அப்படிப்பட்டவன் பிறகு என்ன செய்வான்? சேமிக்கத்தான் செய்வான்.

ஒளித்ததைத் தேடி எடுத்து எறியாதீர்கள். கண்டிக்காதீர்கள், கேலியும் வேண்டாம். மூடியுள்ள ஒரு டப்பாவை அவனிடமே கொடுத்து, கெட்டுப்போகாத பண்டங்களை அவனையே தேர்ந்தெடுத்து நிரப்பச் சொல்லுங்கள்: முறுக்கு, கடலை மிட்டாய், பிஸ்கட். அது அவன் அறையில் இருக்கட்டும். எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம், யாரும் கேட்க மாட்டார்கள், குறைந்தால் நாம் நிரப்புவோம் என்று சொல்லுங்கள். சொல்வதைவிட நிரப்புவதுதான் முக்கியம். ஒரு வாரம்கூடத் தவறக் கூடாது. சில மாதங்களில் டப்பா தொடப்படாமலே கிடக்கும், அப்போதும் எடுத்துவிடாதீர்கள். பின்னாளில் தாடைக்கு இன்னொரு அறுவை தேவைப்படலாம். பெரும்பாலும் எலும்பு வளர்ச்சி முடிந்த பிறகு, பதின்ம வயதின் கடைசியில் அதைச் செய்வார்கள். அதற்கு முன்பே அறுவை மருத்துவரிடம் இந்தப் பசிக் கதையைச் சொல்லி வையுங்கள். பட்டினி நேரம் எவ்வளவு, கண் விழித்ததும் என்ன குடிக்கலாம், எந்த நாளில் எதை மெல்லலாம் என்பதையெல்லாம் ஒரு தாளில் எழுதி அவன் கையில் கொடுக்கச் சொல்லுங்கள். (பன்னிரண்டு வயதுப் பையனுக்குச் சும்மாவே பசிக்கும் என்பதையும் மறந்துவிட வேண்டாம். எல்லா இட்லியும் வரலாறு சுமப்பதில்லை.)

இனி மகள்.

2024 செப்டம்பர் 5 அன்று சீன வெளியுறவு அமைச்சகம் சொன்னது சுருக்கமானது: நெருங்கிய இரத்த உறவினர் குழந்தைகளையும், மணவழி வந்த பிள்ளைகளையும் தவிர, இனி வெளிநாட்டவருக்குத் தத்து இல்லை. தத்துச் சட்டம் நடப்புக்கு வந்த 1992 தொட்டு 1,60,000க்கும் மேற்பட்ட பிள்ளைகள் அந்த வாசல் வழியாக வெளியே போயிருக்கிறார்கள். அவர்களில் பாதிக்கும் மேல் அமெரிக்காவுக்கு. உங்களுக்கு அது ஒரு செய்தி. அவளுக்கு, தான் வந்த கதவைப் பின்னாலிருந்து யாரோ அறைந்து சாத்திய ஓசை. “என்னை அனுப்பியது தவறு என்றால் ஏன் அனுப்பினார்கள்? சரி என்றால் ஏன் நிறுத்தினார்கள்?” என்று ஒரு பெண் என்னிடம் கேட்டாள். என்னிடம் பதில் இருக்கவில்லை. இன்னொருத்தி, “நல்லதாயிற்று” என்று மட்டும் சொல்லிவிட்டு அழுதாள். ஆகஸ்டில் நீங்கள் மருத்துவமனையில் இருந்ததற்கும் உங்கள் மகள் கதவைச் சாத்தியதற்கும் தொடர்பில்லை. அந்த உறுத்தலை இங்கேயே இறக்கி வைத்துவிடுங்கள்.

“என்ன குறை வைத்தோம்?” என்று கேட்கிறீர்கள். இந்தக் கேள்வியை வேறு வாயிலிருந்து நீங்கள் கேட்டிருப்பீர்கள். கல்யாணமாகிப் போன பெண் தாய்வீட்டை நினைத்துக் கண் கலங்கினால், “இங்கே இவளுக்கு என்ன குறை வைத்தோம்?” என்று கேட்கும் மாமியார்களை நாம் எல்லாரும் அறிவோம். அந்தப் பெண்ணுக்குப் புகுந்த வீட்டில் ஒரு குறையும் இல்லாமல் இருக்கலாம். பிறந்த வீட்டின் நினைவு குறைகளின் பட்டியலிலிருந்து வருவதில்லை. நியூ ஜெர்சியில் 30 ஆண்டு குடியிருந்துவிட்டு, சொந்த ஊர் திருச்சி என்று கடிதத்தின் இரண்டாம் வரியில் எழுதினீர்களே, அதற்கு நியூ ஜெர்சி கோபித்துக்கொண்டதா?

சிவப்பு நூலைப் பற்றி ஒரு சொல். தத்துக் குடும்பங்கள் வீட்டுச் சுவரில் மாட்டிவைக்கும் அந்தக் கதை உண்மையில் கல்யாணக் கதை. நிலவடியில் உட்கார்ந்திருக்கும் யுவே லாவ் என்ற கிழவர், கணவன் மனைவி ஆகப்போகிறவர்களைக் கண்ணுக்குத் தெரியாத சிவப்பு நூலால் கட்டிவைக்கிறார் என்பது தாங் வம்ச காலத்திலிருந்து வரும் நம்பிக்கை. அதை எடுத்துப் பெற்றோருக்கும் பிள்ளைக்கும் கட்டியவர்கள் மேற்கத்தியத் தத்துப் பெற்றோர்தான். அழகான கதை, எனக்கும் பிடிக்கும். ஆனால் பிள்ளையிடம் சொல்ல மாட்டேன். நீங்கள் அவளை அடைய வேண்டும் என்பது விதி என்றால், இன்னொருத்தி அவளை இழக்க வேண்டும் என்பதும் விதியாகிவிடுகிறது. உங்கள் மகள் அதைக் கண்டுபிடித்துவிட்டாள். நூலை யார் அறுத்தது என்ற கேள்விக்கு, “தெரியவில்லை. அது யார், ஏன் என்று எனக்கும் தெரிந்துகொள்ள வேண்டும்” என்று சொல்லுங்கள். அதற்கு மேல் இட்டுக்கட்ட வேண்டாம். “உன்மேல் வைத்த அன்பால்தான் உன்னைக் கொடுத்தாள்” என்று பலரும் ஆறுதலாகச் சொல்வார்கள். அன்பு வைப்பவர்கள் விட்டுவிட்டுப் போவார்கள் என்றுதான் அது குழந்தையின் காதில் விழும். நீங்களும் அவள்மேல் அன்பு வைத்திருக்கிறீர்கள் அல்லவா?

அவளுக்குச் சொல்ல, உறுதியாகத் தெரிந்தவையே ஏராளம். 1980 தொடங்கி 2015 வரை இருந்த ஒரு குழந்தைக் கொள்கை எல்லாருக்கும் ஒரே மாதிரி இருக்கவில்லை. பல மாகாணங்களின் கிராமங்களில், முதல் குழந்தை பெண்ணானால் இரண்டாவதற்கு அனுமதி உண்டு. ஆகவே, விடப்பட்ட பெண்களில் பலர் இரண்டாவதாகவோ மூன்றாவதாகவோ பிறந்தவர்கள். உங்கள் மகளுக்கு அங்கே ஓர் அக்காவும், பிறகு பிறந்த ஒரு தம்பியும் இருக்கலாம். கூடுதல் குழந்தைக்கு அபராதம் கடுமை. பிள்ளையை முறைப்படி ஒப்படைக்கப் பெரும்பாலான பெற்றோருக்கு வழி இருக்கவில்லை. விட்டுவிட்டுப் போவதோ குற்றம். அதனால்தான் சந்தை வாசல், மருத்துவமனைப் படி, காவல் நிலையத்துக்கு எதிர்ச்சாரி என்று, ஆள் நடமாட்டம் தொடங்குவதற்குச் சற்று முன், சீக்கிரம் யார் கண்ணிலாவது படும் இடங்களில் விட்டார்கள். கையெழுத்து இல்லை, பெயர் இல்லை. அவளுடைய சீனப் பெயரும் பெற்றவள் வைத்ததாக இருக்க வாய்ப்பு குறைவு. காப்பகங்கள் பிள்ளைகளுக்கு ஊர்ப் பெயரின் ஓர் எழுத்தையோ, கட்சி என்று பொருள்படும் ‘தாங்’, நாடு என்று பொருள்படும் ‘குவோ’ போன்றவற்றையோ குடும்பப் பெயராகச் சூட்டியதுண்டு.

கசப்பானதையும் நீங்களே சொல்லிவிடுங்கள். 2005இல் ஹூனான் மாகாணத்தின் ஹெங்யாங் பகுதிக் காப்பகங்கள் தரகர்களுக்குப் பணம் கொடுத்துக் குழந்தைகளை வாங்கியது வெளியே வந்தது. மறு ஆண்டு நீதிமன்றம் தண்டித்தது. அதே மாகாணத்தின் லுங்ஹூய் மாவட்டத்தில், குடும்பக் கட்டுப்பாட்டு அதிகாரிகளே பெற்றோரிடமிருந்து குழந்தைகளைப் பறித்துக் காப்பகத்தில் சேர்த்ததைச் சீனப் பத்திரிகை ஒன்று 2011இல் வெளியிட்டது. உங்கள் மகள் வேறு மாகாணத்தவள்; இந்த வழக்குகளுக்கும் அவளுக்கும் தொடர்பு இருப்பதாக நினைக்க ஒரு காரணமும் இல்லை. ஆனால் ‘சந்தை வாசலில் கிடந்தாள்’ என்ற வரியை யாரும் வேதவாக்காக எடுத்துக்கொள்ள வேண்டாம். 15 வயதுப் பெண், கையில் போன் இருக்கிறது. இதையெல்லாம் அவள் ஏற்கெனவே படித்திருப்பாள். நீங்கள் வாய் திறக்கக் காத்திருக்கிறாள்.

அப்படியானால் தேடலாமா? தேடலாம். நான் தயங்காமல் சொல்வேன். உங்கள் கணவரின் அச்சம் எனக்குப் புரிகிறது. ஆனால் 18 வயதில் அவள் தனியாகச் செய்யப்போவதை 15 வயதில் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து செய்வது மேல்.

மரபணுப் பரிசோதனைக்கான எச்சில் குழாய் முதலில் வேண்டாம், தத்துக் கோப்பைத் திறங்கள். தத்துப் பத்திரம், கைவிடப்பட்ட குழந்தை என்ற சான்று, காவல் நிலையத் தாள் என எல்லாவற்றின் சீன மூலத்தையும், சீனம் நன்கு படிக்கும் ஒருவரிடம் கொடுத்து முதலிலிருந்து மொழிபெயர்க்கச் சொல்லுங்கள். அந்தக் காலத்து ஆங்கில மொழிபெயர்ப்புகள் அவசரத்தில் செய்யப்பட்டவை. தெருப் பெயர், கண்டெடுத்தவர் பெயர், உடன் கிடந்த துணி போன்றவை அதில் விடுபட்டிருப்பதை நானே பார்த்திருக்கிறேன். தத்துக்கு அனுப்பும் முன் குழந்தையின் படத்தோடு மாகாணச் செய்தித்தாளில் அறிவிப்பு வெளியிட்டு, பெற்றோர் வருகிறார்களா என்று 60 நாள் காத்திருக்க வேண்டும் என்பது அன்றைய விதி. அந்த அறிவிப்பு கிடைத்தால், உங்கள் வீட்டுக்கு வருவதற்கு முன் எடுத்த அவளுடைய மிகப் பழைய படம் அதுவாகவே இருக்கலாம். இந்தத் தாள்களைப் பெட்டியோடு அவளிடம் ஒப்படையுங்கள். இதுவரை அது உங்கள் அலமாரியில் இருந்தது. அவளுடைய வாழ்க்கை, அவள் அறையில் இருக்கட்டும்.

பிறகு மரபணு. அமெரிக்க நிறுவனங்களின் தொகுப்புகளில் சீனக் கிராமத்துப் பெற்றோர் அநேகமாக இருக்க மாட்டார்கள். இருப்பவர்கள் அவளைப் போன்ற பிள்ளைகள். ஆகவே பதில் வந்தால், அது பெற்றவளாக இல்லாமல் ஸ்பெயினிலோ நெதர்லாந்திலோ பக்கத்து மாநிலத்திலோ வளரும் ஓர் அக்காவாகவோ ஒன்றுவிட்ட உறவாகவோ இருக்க வாய்ப்பு கூடுதல். அப்படிச் சகோதரிகள் கண்டுகொண்டது நடந்திருக்கிறது. சீனப் பக்கத்தில், கடத்தப்பட்ட பிள்ளைகளுக்காகக் காவல் துறை 2009இல் தொடங்கிய மரபணுத் தொகுப்பு இருக்கிறது; வெளிநாட்டில் வளர்ந்தவர்களும் அங்கே போய் இரத்த மாதிரி கொடுத்திருக்கிறார்கள். காணாமல்போன பிள்ளைகளைத் தேட 2007 முதல் தன்னார்வலர்கள் நடத்தும் ‘பாவ்பெய் ஹுய்ஜியா’ என்ற இணையதளம் இருக்கிறது. ‘பிள்ளையே வீடு திரும்பு’ என்று பொருள்.

மாதிரி அனுப்புவதற்கு முன் ஒரு மாலை உட்கார்ந்து பேசுங்கள். ஒன்றும் வராமல் போனால் என்ன செய்வோம்? (பெரும்பாலும் இதுதான் நடக்கும். மின்னஞ்சலைத் திறந்து திறந்து பார்க்கும் மாதங்களை நீங்களும் சேர்ந்து தாங்க வேண்டியிருக்கும்.) பெற்றவள் கிடைத்து, பேச மறுத்தால்? கிடைத்து, அழுது, உடனே வா என்றால்? பணம் கேட்டால்? முடிவை முதலில் யார் பார்ப்பது? இரவில் தனியாகத் திறப்பதில்லை என்ற ஓர் ஒப்பந்தம் மட்டும் கட்டாயம் வேண்டும். அவள் படத்தையும் கண்டெடுக்கப்பட்ட இடத்தையும் சீனச் சமூக ஊடகங்களில் போடுவதை 18 வயது வரை தள்ளிவையுங்கள். அங்கே இத்தகைய கதைகள் தீயாய்ப் பரவும். கேமராவோடு வருகிறவர்களுக்கு அழுகை வேண்டும், அவள் அழத் தயாராக இருக்கிறாளா என்று கேட்க மாட்டார்கள்.

சீனம் படிக்கட்டும். மான்ட்ரியாலில் செய்த ஓர் ஆய்வு 2014இல் வெளியானது. ஏறத்தாழ ஒரு வயதில் சீனாவிலிருந்து தத்தாக வந்து, பிரெஞ்சு மட்டுமே பேசி வளர்ந்த, 9 முதல் 17 வயது வரையிலான பெண்களுக்குச் சீனத்தில் சொல்லின் பொருளையே மாற்றும் தொனிகளைக் கேட்கவைத்து மூளையைப் படமெடுத்தார்கள். அவர்களுக்கு ஒரு சொல்லும் நினைவில்லை. ஆனால் மூளை, சீனம் பேசும் பிள்ளைகளின் மூளையைப் போலவே அந்தத் தொனிகளை மொழியாக எடுத்துக்கொண்டது. பிறந்தது முதலே பிரெஞ்சு மட்டும் அறிந்த பிள்ளைகளுக்கு அப்படி நடக்கவில்லை. இதை உங்கள் மகளிடம் சொல்லுங்கள், அவளுக்குப் பிடிக்கும். அவளைப் பெற்றவள் வீட்டில் பேசியது மாண்டரினாக இல்லாமல், ஜியாங்சியில் வழங்கும் கான் மொழியாக இருக்கலாம் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். தமிழ்ப் பள்ளியைப் பற்றி இப்போது பேசாதீர்கள். பாட்டி வீடியோவில் சொன்னதைப் புரிந்துகொள்ளும் அளவுக்கு அவளிடம் தமிழ் இருக்கிறது. அது எங்கும் போய்விடாது.

பாட்டி விஷயத்துக்கு வருவோம். இதை நீங்கள் பேசக் கூடாது, உங்கள் கணவர் பேச வேண்டும். டிக்கெட் எடுப்பதற்கு முன் பேச வேண்டும். மருமகள் சொன்னால் அது சண்டை. மகன் சொன்னால் செய்தி. “அம்மா, அவளைப் பெற்றவளை ஒரு வார்த்தை சொன்னால் அது அவளையே சொன்ன மாதிரி. இந்த வீட்டில் அந்தப் பேச்சு வேண்டாம்” என்றால் போதும். பிறகு, மரியாதையோடு, நம் ஊரை நினைவூட்டலாம். சீனாவில் தத்துச் சட்டம் நடப்புக்கு வந்த அதே 1992இல்தான் தமிழ்நாட்டு அரசு சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டத்தைத் தொடங்கியது. கொல்ல வேண்டாம், தொட்டிலில் போட்டுவிட்டுப் போங்கள் என்று அரசே சொல்ல வேண்டியிருந்த காலம். உசிலம்பட்டிப் பக்கத்துப் பெண் சிசுக்களைப் பற்றி உங்கள் மாமியார் அந்நாளில் பத்திரிகையில் படிக்காமல் இருந்திருக்க மாட்டார். குந்தி பெட்டியில் வைத்து ஆற்றில் விட்ட கதையைக் கோயில் திண்ணையில் கேட்டபோது, குந்தியைத் தூக்கிப் போட்டவள் என்று யாரும் சொல்லவில்லை. எல்லாரும் அழத்தான் செய்தார்கள். இன்னும் ஒன்று. நம் குடும்பங்களில் குழந்தையில்லாத அக்காவுக்குப் பிள்ளையைக் கொடுத்த தங்கைகள் எத்தனை பேர்! பெற்றவளைச் ‘சித்தி’ என்று கூப்பிட்டு வளர்ந்த ஒருவராவது உங்கள் கணவரின் வீட்டிலும் இருப்பார். அந்தக் கதையைப் பாட்டியே பேத்திக்குச் சொல்லட்டும். மன்னிப்புக் கேட்க வைப்பதைவிட அது நன்றாக வேலை செய்யும்.

மறுபடியும் மகனிடம் வருகிறேன், ஏனென்றால் நீங்கள் கேட்காத கேள்வி அவனிடம்தான் இருக்கிறது. மகள் தேடுவது நினைவில் இல்லாத ஒருத்தியை. மகனுக்கு, காப்பகத்திலிருந்து கிராமத்துக்கு அனுப்பப்பட்ட பின் நான்கு வயதுவரை, ஒருத்தி இருந்தாள். ஊட்டினாள், பக்கத்தில் படுக்கவைத்தாள். சீனக் காப்பகங்களில் பிள்ளைகள் தங்களைப் பார்த்துக்கொள்ளும் பெண்களை ‘ஆயி’ என்று அழைப்பார்கள். நம் ஊரில் ஆயி என்றால் தாய். அங்கே அது சித்தி, பெரியம்மா போன்ற முறைச்சொல், அம்மா வயதுள்ள எந்தப் பெண்ணையும் அப்படி அழைக்கலாம். உங்கள் மகன் அந்த ஓட்டலில் ஆயி என்று அழவில்லை. அவனுக்கு வித்தியாசம் தெரிந்திருந்தது. ஒரு நாள் காலை வண்டியில் ஏற்றி, அம்மாவிடமிருந்து பிரித்து, அவனுக்குப் புரியாத மொழி பேசும் இருவரிடம் கொடுத்துவிட்டார்கள். அவன் கத்திக் கூப்பிட்டான். அந்த இருவரும் சிரித்த முகத்தோடு வேறு யாரையோ காட்டினார்கள். இதில் உங்கள் மேல் ஒரு தவறும் இல்லை, மொழி செய்த வேலை அது. ஆனால் அதை எட்டு ஆண்டுகளாக வேடிக்கையாகச் சொல்லிவருகிறீர்கள், அவனும் சேர்ந்து சிரிக்கிறான். சிரிக்கக் கற்றுக்கொண்ட பிள்ளையைத்தான் நாம் சமர்த்து என்கிறோம்.

அக்காவின் தேடல் பல ஆண்டு இழுக்கலாம், கைகூடாமலும் போகலாம். அவனுடையது ஒரு கடிதத்தில் முடியக்கூடியது. கிராமத்து வளர்ப்பு இல்லங்களில் விடப்பட்ட பிள்ளைகளின் கோப்பில், தத்துக்குத் தயார்செய்தபோது எழுதிய வளர்ச்சி அறிக்கை இருக்கும். வளர்த்தவரின் பெயரோ கிராமமோ அதில் இருக்க வாய்ப்புண்டு. இல்லையென்றால் காப்பகத்துக்கு எழுதிக் கேட்கலாம். உங்களோடு வந்த அந்த மொழிபெயர்ப்பாளரின் எண் இன்னும் உங்களிடம் இருந்தால், நான் அங்கிருந்துதான் தொடங்குவேன். அந்தப் பெண் இருக்கிறாரா, எழுதப் படிக்கத் தெரியுமா என்பதெல்லாம் பிறகு. உதடு தைத்து, பல் கட்டி, வளர்ந்து நிற்கும் அவன் படம் ஒன்று அவருக்குப் போய்ச் சேர்ந்தால், அவருக்கும் அது தேவைப்பட்டிருக்கும்.

அதற்கு முன் அவனிடம் சொல்ல வேண்டும். அக்கா பெட்டியைத் திறக்கும் நாளுக்காகக் காத்திருக்காதீர்கள், இவனுக்கென்று ஒரு நாள் வேண்டும். உங்கள் தம்பியை வரவழையுங்கள். அந்த மூன்று இரவும் அவனைத் தோளில் போட்டு நடந்தவர் அவர்தானே. நீ யாரைக் கூப்பிட்டாய் என்பது எங்களுக்கு அன்று புரியவில்லை, நான்காம் நாள்தான் புரிந்தது என்று அவரே சொல்லட்டும். நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருங்கள். மேசைமேல் அந்த டப்பாவும் இருக்கட்டும்.